பழைய டெல் பெட்டிக்குள்ள என்ன விஜிஏ கிடக்குது? மாத்தலாமோ?

அல்பக்காரி (இணுவில்)

வணக்கம். வீட்டில இருந்து கலியாணவீடு, சாமத்தியவீடு அல்பம் டிசைன் செய்து குடுக்கிறனான். 2 வருசத்துக்கு முந்தி யூஸ்ட் டெல் மெஷின் ஒண்டு வாங்கினனான். கடையில "அக்கா, இதில 2 ஜிபி விஜிஏ கிடக்குது, ஃபோட்டோஷொப்புக்குக் காணும்" எண்டு சொல்லித்தான் தந்தவை. பழைய ஃபோட்டோஷொப்பில இவ்வளவு நாளும் ஒரு கரைச்சலும் இல்லை.

போன மாசம் தம்பி புது வேர்ஷன் போட்டுத் தந்தவன். அதுக்குப் பிறகு ஒவ்வொருக்காத் திறக்கேக்கையும் கிராபிக்ஸ் ப்ரொசெசர் சரிவராது எண்டு ஒரு பெட்டி வந்து நிக்குது. அதைத் தள்ளிப்போட்டு உள்ள போகலாம், ஆனா படத்தைப் பெருப்பிச்சால் விறைச்சுப்போகுது. மெனுவில கொஞ்ச வேலையள் சாம்பல் நிறமாக் கிடக்குது, அமத்த ஏலாது.

ரவுணில ஒரு கடையில கேட்டன். "ஜிரி 730, 4 ஜிபி போடுங்கோ, அலுவல் முடிஞ்சுது" எண்டினம். கையில 3 அல்பம் கிடக்குது. வாங்கட்டோ?


கொடிகாமத்தான்

அக்கா, காசு குடுக்காதேங்கோ. முதல் உள்ள என்ன கிடக்குதெண்டு பாப்பம்.

எங்கட ஊரில கிராபிக்ஸ் சம்பந்தமான எல்லாத்துக்கும் "விஜிஏ" எண்டு ஒரே பேர். விஜிஏ எண்டது 1987 இல ஐபிஎம் கொண்டுவந்த படத் தரத்தின்ர பேர். இண்டைக்கு அந்தப் பேரில மிஞ்சிக் கிடக்கிறது பின்பக்கத்து 15 ஓட்டை நீலப் போட் மட்டும்தான். ஆரும் "2 ஜிபி விஜிஏ" எண்டு சொன்னால், தனிக் காட் ஒண்டு கிடக்குதோ, இல்லாட்டி ப்ரொசெசருக்குள்ளேயே இருக்கிறதைச் சொல்லுறாங்களோ எண்டு விளங்காது.

பெட்டியைத் திறக்க முந்தி இவ்வளவையும் பாருங்கோ:

விண்டோஸ் கீயோட ஆர் அமத்தி "எம்எஸ்இன்ஃபோ32" அடியுங்கோ. சிஸ்டம் மொடல் எண்ட வரியில என்ன கிடக்குது?

பேந்து அதே இடத்தில "டிஎக்ஸ்டயாக்" அடிச்சு டிஸ்ப்ளே ரப்புக்குப் போங்கோ. பேர், டிஸ்ப்ளே மெமரி, வலப்பக்கத்தில ஃபீச்சர் லெவல்ஸ் எண்டு ஒரு வரி. இந்த மூண்டும் வேணும்.

கடைசியா மொனிற்றர் வயர் பின்பக்கத்தில எங்க பூட்டிக் கிடக்குதெண்டு பாருங்கோ. கீபோட், மவுஸ், நெற் வயர் பூட்டுற கூட்டத்துக்குள்ள எண்டால் அது மதர்போட். அதுக்குத் தள்ளி, தகடு பூட்டுற வரிசையில எண்டால் தனிக் காட்.


சுண்டங்கத்தரி

டாஸ்க் மனேஜரிலயே ஜிபியு (கிராபிக்ஸ் ப்ரொசெசர்) எண்டு வருமே? உதுக்கு ஏன் இவ்வளவு சுத்து?


கொடிகாமத்தான்

வராது தம்பி. அந்தப் பகுதி வாறதுக்கு கிராபிக்ஸ் ட்ரைவர், டபிள்யுடிடிஎம் எண்ட விண்டோஸ் ட்ரைவர் தரத்தில 2.0 ஆவது இருக்கோணும். அக்காவின்ர மெஷின் நான் நினைக்கிற காலத்துச் சாமான் எண்டால் அதுக்கு அந்த ட்ரைவரே இல்லை. அங்க ஜிபியு எண்டு ஒண்டும் தெரியேல்ல எண்டாலே வயசு ஓரளவு விளங்கும்.


அல்பக்காரி

பாத்தன்.

மொடல்: ஒப்ரிபிளெக்ஸ் 7010. ப்ரொசெசர் ஐ5-3470, ராம் 8 ஜிபி. ஹாட்டிஸ்க்கை மாத்திப் போன வருசம் எஸ்எஸ்டி போட்டது.

டிஸ்ப்ளேயில: இன்டெல் எச்டி கிராபிக்ஸ். மொத்தம் 1792 எம்பி, அதில டிஸ்ப்ளே மெமரி 32, மிச்சம் 1760 ஷெயார்ட் எண்டு போட்டிருக்குது. ஃபீச்சர் லெவல் 11_0 இல துவங்கிக் கீழ போகுது.

வயர் நெற் வயருக்குப் பக்கத்தில நீலப் போட்டில. மேல ஒரு தகட்டு வரிசை கிடக்குது, ஒண்டும் பூட்டேல்ல.

அப்ப 2 ஜிபி எங்க?


கொடிகாமத்தான்

அந்த 1792 தான் அவையின்ர 2 ஜிபி. காட் இல்லை. உங்கட 8 ஜிபி ராமில இருந்து தேவைக்குக் கடன் எடுக்கிற கணக்கு அது. ஐ5-3470 இக்குள்ள கிடக்கிறது இன்டெல் எச்டி 2500, 2012 ஆம் ஆண்டுச் சாமான். படம் பாக்க, கணக்கெழுத, பழைய ஃபோட்டோஷொப்புக்குக் காணும்.

கிட்டடி வேர்ஷன்களுக்கு அடோபி கேக்கிறது டிரெக்ட்எக்ஸ் 12 (விண்டோஸின்ர கிராபிக்ஸ் மென்பொருள் தரம்), ஃபீச்சர் லெவல் 12_0, கிராபிக்ஸ் மெமரி ஆகக்குறைஞ்சது 1.5 ஜிபி. ஃபீச்சர் லெவல் எண்டது சிப் என்னென்ன வேலை செய்யும் எண்டதின்ர படி. உங்கடது 11_0. அதுதான் அந்தப் பெட்டி வருது.

இப்ப ஜிரி 730 இன்ர கதை. அதுவும் 11_0 தான். 4 ஜிபி எண்டாலும் 40 ஜிபி எண்டாலும் அந்தப் பெட்டி போகாது. டிரெக்ட்எக்ஸ் 12 எண்டு காட்டின்ர மட்டையில வடிவா அடிச்சுத்தான் இருக்கும், அதில பொய்யும் இல்லை. ட்ரைவர் 12 ஐ விளங்கிக்கொள்ளும், ஆனா சிப் செய்யக்கூடிய வேலை 11_0 ஓட நிண்டிடும். மட்டையில லெவல் அடிக்கிறேல்ல.


சுண்டங்கத்தரி

ஐயோ, நான் வச்சிருக்கிறதே ஜிரி 730. கேம் ஓடுதே.


கொடிகாமத்தான்

ஓடும். எந்த 730 எண்டதுதான் கேள்வி. 2014 இல அந்த ஒரே பேரில 3 சாமான் வந்தது. ஒண்டு பழைய ஃபேர்மி சிப், 96 கோர், 49 வொற் குடிக்கும். மற்ற ரெண்டும் அதுக்கு அடுத்த தலைமுறைக் கெப்ளர் சிப், 384 கோர், அரைவாசி வொற். அந்த ரெண்டுக்கும் இடையில வித்தியாசம் மெமரி: டிடிஆர்3 எண்டால் செக்கனுக்கு 14.4 ஜிபி, ஜிடிடிஆர்5 எண்டால் 40. மட்டை ஒரே மாதிரி, கடையில சொல்லுற பேர் ஒண்டு, கேக்கிற காசும் கிட்டமுட்ட ஒண்டு. ஜிபியு-இசற் எண்ட சின்ன மென்பொருளைப் போட்டு மெமரி ரைப்பைப் பாருங்கோ. உங்கடது 4 ஜிபி எண்டால் பெரும்பாலும் டிடிஆர்3 ஆத்தான் இருக்கும்.


சுண்டங்கத்தரி

டிடிஆர்3. 😐


முள்முருக்கு

ஜிபியு-இசற் கதை வந்தபடியால் என்ர கதையையும் கேளுங்கோ. 3 வருசத்துக்கு முந்தி, பேர் சொல்ல விருப்பமில்லாத ஒரு வெளிநாட்டு ஒன்லைன் ஆளிட்ட ஜிரிஎக்ஸ் 1050 ரிஐ, 4 ஜிபி எடுத்தனான். விலை வாசி. வந்து சேர ஒண்டரை மாசம். பூட்டினன், விண்டோஸ் "ஜிரிஎக்ஸ் 1050 ரிஐ" எண்டு சொல்லுது. சந்தோசம்.

2 நாளில கேம் ஒண்டைத் திறந்தால் திரை முழுக்கக் கோடு. பேந்து கறுப்பு. ட்ரைவரைப் புதுசாப் போட்டால் மெஷின் எழும்பவே இல்லை. ஜிபியு-இசற் திறந்தால் பேருக்கு முன்னால சதுர அடைப்புக்குள்ள ஃபேக் எண்டு போட்டிருக்குது. 2018 இல வந்த 2.12 வேர்ஷனில இருந்து அது இப்பிடிப்பட்ட கள்ளக் காட்டைப் பிடிச்சுச் சொல்லுமாம். நம்பாம, ஹீற்சிங்கைக் கழட்டி, சிப்பில இருந்த பேஸ்டைத் துணியால துடைச்சன். வடிவா எழுதிக் கிடக்குது: ஜிஎஃப்116. 2011 இல வந்த ஜிரிஎக்ஸ் 550 ரிஐ இன்ர சிப். காட்டுக்குள்ள கிடக்கிற பயோஸ் மென்பொருளை மாத்தி எழுதிப் புதுப் பேர் வச்சிருக்கிறாங்கள்.

இவ்வளவும் வேண்டியதில்லை. பாசலைப் பிரிச்ச உடனேயே தெரிஞ்சிருக்கோணும். காட்டில நீல விஜிஏ போட் இருந்தது! 1050 ரிஐ பஸ்கால் எண்ட தலைமுறைக் காட். பஸ்காலில இருந்து என்விடியா அனலொக் வெளியீட்டையே எடுத்திட்டுது. 1050 ரிஐ எண்டு சொல்லி நீலப் போட்டோட வாறது கள்ளன். நான் என்னடாவெண்டால் "ஆகா, என்ர பழைய மொனிற்றருக்கும் போட் கிடக்குது" எண்டு சந்தோசப்பட்டனான்.


ஸ்காபரோ சித்தப்பா

பிள்ளை அல்பக்காரி, நான் ரொறொன்ரோவில. என்ர மோன் புதுசு மாத்தினவன், ஆர்ரிஎக்ஸ் 3060 ஒண்டு அலுமாரிக்குள்ள சும்மா கிடக்குது. அடுத்த மாசம் ஒரு ஆள் கோயில் அலுவலா ஊருக்கு வருது. குடுத்து விடட்டோ? காசு ஒண்டும் வேண்டாம்.


கொடிகாமத்தான்

சித்தப்பா, மனசு பெரிசு, ஆனா அக்காவின்ர பெட்டி சின்னன். 7010 இல உயரமான ரவரும் வந்தது, படுக்க வைக்கிற மெல்லிசுப் பெட்டியும் வந்தது. அக்கா, உங்கட பெட்டியின்ர தடிப்பு என்ன?


அல்பக்காரி

சாண் அளவு கூட இல்லை. மொனிற்றர் அதுக்கு மேலதான் இருக்குது.


கொடிகாமத்தான்

அப்ப எஸ்எஃப்எஃப் எண்ட சின்னப் பெட்டியாத்தான் இருக்கும். பவர் சப்ளை 240 வொற். 3060 தனிய 170 வொற் கேக்கும், 8 பின் வயர் வேணும், இந்தச் சப்ளையில அந்த வயரே இல்லை. காட்டின்ர உயரமும் மூடிக்குள்ள அடங்காது.

உங்களுக்கு வேணுமெண்டது லோ ப்ரொஃபைல் எண்ட குட்டைக் காட், ஏறக்குறைய 69 மில்லிமீற்றர் உயரம், ஒற்றை ஸ்லொட் தடிப்பு, வெளிய இருந்து பவர் வயர் கேக்காதது. ஸ்லொட்டில இருந்து 75 வொற் மட்டும் எடுக்கலாமெண்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் விதி சொல்லுது. அதுக்காக 240 வொற் சப்ளையை, அதுவும் பத்துப் பன்னிரண்டு வருசம் ஓடின சப்ளையை, எல்லைக்கு இழுக்க நான் சொல்லமாட்டன். 30 இல இருந்து 50 இக்குள்ள நிண்டால் நல்லது.

ஃபீச்சர் லெவலும் ஓகே, அளவும் ஓகே எண்டால் என்ர கணக்கில ரெண்டு:

ஜிரி 1030. 30 வொற், 2 ஜிபி. ஜிடிடிஆர்5 எண்டு போட்டதை மட்டும் எடுங்கோ. 2018 இல அதே பேரில டிடிஆர்4 போட்டு ஒண்டு விட்டவங்கள், மெமரி வேகம் செக்கனுக்கு 48 ஜிபியில இருந்து 16.8 இக்கு விழுந்திட்டுது. 730 இன்ர அதே விளையாட்டு.

குவாட்ரோ பி620. 40 வொற், 2 ஜிபி ஜிடிடிஆர்5, 512 கோர். கம்பனியள் கழிச்சுவிட்ட வேர்க்ஸ்ரேஷனில இருந்து கழட்டி வாறது. நீங்கள் வீடியோவும் செய்யிறனீங்களோ? வீடியோவை ஃபைலா மாத்தேக்க கை குடுக்கிற என்கோடர் 1030 இல இல்லை, 620 இல இருக்குது.


அல்பக்காரி

அல்பத்தோட 5 நிமிச ஸ்லைட் வீடியோ ஒண்டும் கேப்பினம், ஓம்.


பழசு விக்கிறவன்

எல்லாரும் குறை நினைக்காதேங்கோ, ஆனா உது செத்த மாட்டுக்கு லாடம் அடிக்கிற வேலை. விண்டோஸ் 10 இன்ர ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஓட முடிஞ்சுது. 3 ஆம் தலைமுறை ஐ5 இல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, இன்டெலில 8 ஆம் தலைமுறை வேணும். இந்த மெஷினை வித்துப்போட்டு ஐ5-8500 போட்ட யூஸ்ட் பெட்டி ஒண்டை எடுங்கோ. அதுக்குள்ள இருக்கிற யுஎச்டி 630 கிராபிக்ஸ், ஃபீச்சர் லெவல் 12_1 ஐத் தாங்கும். காட்டே தேவையில்லை. காட்டுக்குக் குடுக்கிற காசை அதில போடலாமெல்லோ?

நான் உதுதான் விக்கிறனான், பேரிலயே கிடக்குது. அதுக்காகப் பொய் சொல்லேல்ல.


கொடிகாமத்தான்

பொய்யில்லை. நான் விசாரிச்ச மட்டில அந்தப் பெட்டிக்கும் இந்தக் காட்டுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. 7010 ஐ வித்தால் என்ன கிடைக்குமெண்டு உங்களுக்கே தெரியும், நீங்களே எடுப்பீங்களோ?


பழசு விக்கிறவன்

😀 எடுப்பன். விலை சொன்னால் அக்கா ஏசுவா.

அப்ப இன்னொண்டு. பஸ்கால் ஜீஃபோர்ஸ் காட்டுகளுக்கு என்விடியா 580 வரிசையோட புது ட்ரைவரை நிப்பாட்டிட்டுது. 2028 ஒக்ரோபர் வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 1030 உம் பஸ்கால்தான், வாங்கினால் அதுவும் கிழடு.


கொடிகாமத்தான்

அல்ப வேலைக்கு மாசாமாசம் கேம் ட்ரைவர் தேவையில்லை. ஆனா விண்டோஸ் 10 கதையில உங்கட பக்கம் நியாயம் இருக்குது. அக்கா, உந்த மெஷினில பாங்க் அலுவல் ஒண்டும் செய்யாதேங்கோ.


அல்பக்காரி

இப்ப மெஷின் மாத்த ஏலாது. ஃபொன்ட், டெம்பிளேற் எல்லாம் திருப்பி ஏத்தி மினக்கெட்டால் கலியாணவீட்டுக்காரர் பிள்ளை பிறந்த பிறகுதான் அல்பம் பாப்பினம். ஆவணி சீசன் முடிய 8500 ஐப் பாக்கிறன். இப்ப காட்.

கொழும்பில யுனிற்றி பிளாசாவில தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பி620 இருக்கெண்டு சொன்னவன். இரவு பஸ்ஸில போட்டு விடுறானாம். என்ர மொனிற்றர் பழசு, விஜிஏ மட்டும்தான். கன்வேட்டர் கேக்கட்டோ?


கொடிகாமத்தான்

ஓம், கட்டாயம். 620 இல நாலு போட், நாலும் மினி டிஸ்ப்ளேபோட். "மினி டிஸ்ப்ளேபோட்டில இருந்து விஜிஏ" எண்டு கேளுங்கோ. உள்ள சிப் வச்சதுதான் வரும், வேலை செய்யும். டிவிஐ-விஜிஏ எண்டு ஒரு வெள்ளைக் கட்டை கடையில மலிவாக் கிடைக்கும், அது இதுக்குப் பூட்டவே ஏலாது. 1030 எடுக்கிற ஆக்களும் அதை வாங்காதேங்கோ, 1030 இன்ர டிவிஐ இல அனலொக் பின் இல்லை, கட்டை உள்ள போகாது.

காட்டைச் சின்னப் பெட்டியோட பூட்டுற குட்டைத் தகடும் தருவானோ எண்டு கேளுங்கோ. மறந்திடாதேங்கோ.


அல்பக்காரி

மறந்திட்டன்.

காட் விடிய வந்தது. நல்ல சாமான், ஜிபியு-இசற்றில பிறகு பாத்தன், ஃபேக் எண்டு ஒண்டும் இல்லை, 620 இன்ர சிப் ஜிபி107 எண்டுதான் காட்டுது. ஆனா நெடிய தகட்டோட வந்திட்டுது. பெட்டிக்குள்ள வச்சால் தகடு மூடிக்கு மேல நாலு விரல் நிக்குது. தகட்டைக் கழட்டிப்போட்டுச் சும்மா செருகினால் வயர் பூட்டேக்க காட் ஆடுது.

பக்கத்து வீட்டில நகை வேலை செய்யிற பத்தர் ஒராள் இருக்கிறார். காட்டைக் கொண்டுபோய்க் காட்டினன். காட்டைக் கையால தொடவே இல்லை, தகட்டை மட்டும் கழட்டித் தரச் சொன்னார். ஸ்லொட்டை மூடிக் கிடந்த பழைய தகட்டை அளவுக்கு வச்சு, ஊசியால கீறி, நகை அறுக்கிற மயிர் மாதிரி வாளால கால் மணித்தியாலம் அறுத்தார். நுனியைக் குறட்டால மடக்கி, அரத்தால பிசிர் எடுத்து, ஊதிப்போட்டுத் தந்தார். "இரும்பு அறுத்து வாள் பல்லுப் போட்டுது பிள்ளை" எண்டார், காசு வாங்கேல்ல. அவற்ற பேத்தியின்ர சாமத்தியவீட்டு அல்பம் இனி என்ர தலையில.

உள்ள பாக்கோணுமே! எங்கட செம்மண் புழுதி ஒரு விரல்கடை. ஸ்லொட்டுக்குப் பக்கத்தில ரெண்டு பல்லி முட்டைக் கோது ஒட்டிக் கிடந்தது. தம்பி பெயின்ற் பிரஷால தட்டி எடுத்தவன். காட்டின்ர பொன் நிறப் பல்லையும் ஒருக்கா அழிறப்பரால தேய்ச்சது.


சுண்டங்கத்தரி

பூட்டினதும் படம் வந்ததோ?


அல்பக்காரி

வரேல்ல. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சுது. பேந்து பாத்தால் தம்பி பழக்கதோசத்தில வயரைப் பழைய நீலப் போட்டிலயே பூட்டி வச்சிருக்கிறான். காட்டில மாத்தினதும் வந்திட்டுது.

ட்ரைவர் போட்டு, டிஎக்ஸ்டயாக் பாத்தன்: 12_1. ஃபோட்டோஷொப்பில அந்தப் பெட்டி வரேல்ல. 2 அடி அகலப் பக்கத்தைப் பெருப்பிச்சு இழுத்துப் பாத்தன், வெண்ணெய் மாதிரிப் போகுது. ஆனா ஒரு படத்தைத் திறக்க எடுக்கிற நேரம் முந்தின மாதிரித்தான்.


கொடிகாமத்தான்

அது ப்ரொசெசரும் ராமும் பாக்கிற வேலை, காட் கை குடுக்காது. 7010 இல டிடிஆர்3 தான், ரெண்டாம் கை 4 ஜிபி துண்டு ஒரு சோடி தேடிப் பிடியுங்கோ. சின்னப் பெட்டியிலயும் நாலு ஸ்லொட் கிடக்கு.


பழசு விக்கிறவன்

துண்டு என்னட்டக் கிடக்குது. நியாய விலை. 8500 ஐயும் மறக்கேல்ல அக்கா, ஆவணி முடிய வாறன்.


அல்பக்காரி

ஒரு கடைசிக் கேள்வி. காட் பூட்டின நாளில இருந்து மெஷினைப் போடேக்க "மூடி முந்திக் கழட்டப்பட்டது" எண்டு இங்கிலீசில ஒரு எச்சரிக்கை, எஃப்1 அமத்தினால்தான் உள்ள போகுது. மூடி வடிவாத்தான் பூட்டிக் கிடக்குது.


கொடிகாமத்தான்

அது டெல்லின்ர குணம், மூடிக்குக் கீழ ஒரு சுவிச் கிடக்குது. போடேக்க எஃப்2 அமத்தி பயோஸுக்குள்ள போங்கோ. செக்கியூரிற்றிக்குக் கீழ சசி இன்ட்ரூஷன் எண்டு கிடக்கும். அதில எச்சரிக்கையைக் கிளியர் பண்ணி, அப்ளை குடுத்து வெளிய வாங்கோ. நிப்பாட்டிவைக்க விருப்பமெண்டால் அதே இடத்தில டிசேபிளும் கிடக்குது.


அல்பக்காரி

போட்டுது. நன்றி அண்ணை. சித்தப்பா, 3060 ஐ வித்திடாதேங்கோ, தம்பி ரவர் ஒண்டு பாத்துக்கொண்டு திரியிறான்.